கனூ வேண்டாம், கயாக் வாங்குங்கள்

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் காது மெஷின் போனில் விசில் அடிப்பதால் இனி எல்லாம் கடிதத்தில்தான் என்று நீங்கள் சொன்னது எனக்கும் வசதிதான். போனில் நான் யோசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வைத்துவிடுகிறார்.

நீங்கள் கேட்டபடி சனிக்கிழமை படகுக் கடைக்குப் போனேன். உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் நடக்காமல் உடம்பை அசைக்கும்படி டாக்டர் சொன்னது, உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஏரி இருப்பது, நானும் மாதம் ஒரு முறை வந்து உங்களோடு துடுப்புப் போடுவது என்று நாம் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் கடைக்காரரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் பாதியிலேயே, "சார், நிக்கணுமா, உக்காரணுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நிற்பதற்கு இருப்பது பேடில்போர்டு. அது ஒரு பலகை. அதன் மேல் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் தள்ள வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கக்கூடியவர்களுக்கு அது சரி. நான் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸிலேயே கம்பியைத் தேடுகிறவன்.

கயாக் குறுகலானது, ஒருவருக்கு ஒன்று. உட்கார்ந்தால் கால்கள் படகுக்குள் நீட்டிப் போய்விடும். துடுப்பின் இரண்டு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் அலகு உண்டு. வேகமாகப் போகும், காற்றுக்கு அவ்வளவாக அஞ்சாது.

கனூ அகலமான திறந்த படகு. இருக்கை நாற்காலி போலக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கு ஓர் ஒற்றை அலகுத் துடுப்பு. முன்னால் இருப்பவர் இழுப்பார். பின்னால் இருப்பவர் திசை பார்த்துக்கொள்வார்.

காலமெல்லாம் லிஃப்டுகளைப் பரிசோதித்து, இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவன் ஆனதால் எடையைத்தான் முதலில் விசாரித்தேன். நாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் கனூ தாங்கக்கூடியதில் பாதிக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஆகவே என் பரிந்துரை, இருவர் அமரும் கனூ. முழங்காலுக்கு நல்லது. ஒருவர் களைத்தால் மற்றவர் தள்ளலாம். பேசிக்கொண்டே போகலாம். நான் எடை குறைந்தவன், முன்னால் உட்காருகிறேன். இது என் கருத்து மட்டுமே, தவறாகவும் இருக்கலாம்.

மருமகள் போன ஞாயிறு வந்து என் மருந்து டப்பாவைச் சரிசெய்து கொடுத்தாள். மகன் வரவில்லை, அலுவலக வேலையாம். என் மகனைவிட உங்கள் பெண்தான் இங்கே அதிகம் வருகிறாள் என்று உங்களிடம் சொல்வது எனக்குப் பெருமையா வெட்கமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தி,

வந்தது கடிதமா, பரிசோதனை அறிக்கையா? அடியில் சீல் ஒன்றுதான் குறை.

நீங்கள் கனூ என்றால் கனூ. ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிற அம்மா தருவித்துத் தருகிறேன் என்றார். மே மாதம் வந்துவிடும், சொல்லியாயிற்று. பின் இருக்கை எனக்கு. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் இல்லையா, யார் ஓட்டினாலும் என் கால் பக்கம் ஒரு பிரேக் இருக்க வேண்டும். படகில் பிரேக்கே கிடையாது என்று அந்த அம்மா சொன்னதிலிருந்து கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

என் பெண் இந்த வாரம் இங்கேதான். மாப்பிள்ளைக்கு ஏதோ வெளியூர் வேலையாம். எப்போது பார்த்தாலும் தூங்குகிறாள், களைப்பு போலிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். "மாமாவை முன்னாடி உக்கார வச்சுட்டுப் பின்னாடியிருந்து 'கிளட்ச், கிளட்ச்'னு கத்தாதீங்கப்பா, பாவம், அவர் தண்ணியில குதிச்சிடுவார்" என்றாள். உங்கள் கடிதம் வந்தால் என்னைவிட அவள்தான் முதலில் பிரிக்கிறாள். மாமா ஒரு வார்த்தையைக்கூடச் சும்மா போட மாட்டாராம். நான் போடுவதெல்லாம் சும்மாவாம். பெற்றவனுக்கு இதுதான் மரியாதை.

மே மாதம் துண்டு எடுத்துக்கொண்டு வந்து சேருங்கள்.


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

படகு விஷயத்தை மறுபடி யோசித்தேன். என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். கனூ வேண்டாம், கயாக் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு.

கனூ கனமானது. உங்கள் முழங்காலோடு அதைக் கரையிலிருந்து தண்ணீருக்கு இழுப்பது சிரமம். அதன் அகலமான பக்கவாட்டில் காற்று பிடிக்கும். இவை முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வேறு ஒன்றும் உண்டு. இருவர் படகு என்பது, இருவரும் எப்போதும் வருவார்கள் என்று நம்பிச் செய்தது. அப்படி யாரும் யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. ஒருவர் வராமல் போனால் அந்தப் படகு மற்றவருக்குப் பாரமாகிவிடும். தனித்தனிப் படகு என்றால், ஒருவர் விலகிவிட்டாலும் மற்றவர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். முதலில் தள்ளாடும், நாளாவட்டத்தில் பழகிவிடும் என்று கடைக்காரரும் சொன்னார்.

அந்த அம்மாவிடம் சொல்லி இப்போதே நிறுத்திவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு என்றால் எல்லோருக்கும் சங்கடம்.

மகன் போன வாரம் வந்து ஓர் இரவு தங்கிப் போனான். நலம். மருமகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்தி,

உங்கள் பேச்சைக் கேட்டு வாடகைக்கு ஒரு கயாக் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். மேஜை டிராயருக்குள் காலை விட்டுப் பூட்டினது மாதிரி இருந்தது. முழங்கால் போட்ட சத்தம் மெஷின் இல்லாமலே என் காதில் விழுந்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் என்னை இழுத்தார், இன்னொருவர் படகை.

பிறகு ஒரு வாடகைக் கனூவில் என் பெண்ணை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஜோராகப் போயிற்று. நடு ஏரியில் அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள் முதுகுதானே தெரியும்? "என்னடி, இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். பதில் சொன்னாளோ என்னவோ, என் காதில் விழவில்லை.

அவளும் உங்கள் கட்சிதான். உங்கள் கடிதத்தை அறைக்கு எடுத்துப் போனவள் காலையில்தான் திருப்பிக் கொடுத்தாள். தனித்தனியாகவே வாங்கிவிடலாம் என்றாள். முந்தின கடிதத்தில் உன் மாமாதானே கனூ என்று எழுதினார் என்று கேட்டேன். மாமா காரணம் இல்லாமல் மாற்ற மாட்டார் என்றாள்.

காரணத்தைத்தான் கேட்கிறேன். பின்னால் உட்கார்ந்து கத்துவேன் என்ற பயமா? கத்த மாட்டேன், வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன். கனூவை நான் நிறுத்தச் சொல்லவில்லை. உங்களை முன்னால் உட்கார வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.


ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கத்துவீர்கள் என்ற பயம் இல்லை. காரணங்களை எழுதியிருந்தேன். அவை உண்மையான காரணங்கள்தான்.

எந்தப் படகானாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். போட்டுக்கொண்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது என்று அர்த்தம்.

மருமகள் கடிதத்தை அறைக்கு எடுத்துப் போனதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நான் படகைப் பற்றித்தான் எழுதியிருந்தேன் என்று அவளிடம் சொல்லுங்கள். இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மே 7

ஐயா,

சம்பந்தி என்று எழுதிவிட்டு அடித்தேன். அந்த வார்த்தைக்கு இனி நம்மிடம் வேலை இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. நண்பர் என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை.

உங்கள் மகனின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. படகு சம்பந்தமான தபால் என்று நினைத்துக்கொண்டு நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் பெண் அதைப் பிரிக்கவே இல்லை. "எனக்குத் தெரியும்பா, அங்க வைங்க" என்றாள். அவன் சொன்னானா என்று கேட்டேன்.

"அவர் சொல்லல. மாமா சொன்னார்."

"எப்போ?"

"கயாக் வாங்கச் சொன்னாரே, அப்போ."

உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மார்ச்சில் ஒரே படகு, ஏப்ரலில் தனித்தனிப் படகு. நடுவில் உங்கள் மகன் ஓர் இரவு தங்கிப் போயிருக்கிறான். ஒருவர் விலகிவிட்டாலும் மற்றவர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது, என் முழங்காலைப் பற்றி இந்த மனிதருக்கு எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம் என் எதிரிலேயே அதைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறாள். நடு ஏரியில் அவள் முதுகைப் பார்த்து நான் இஞ்சின் ஆஃப் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

உங்கள் மகன் செய்தது அவனோடு. அதை உங்களிடம் கேட்க மாட்டேன். ஆனால் புருஷன் வாயால் கேட்க வேண்டியதை ஒரு பெண், எந்தப் படகு நல்லது என்று இரண்டு கிழவர்கள் எழுதிக்கொள்வதிலிருந்து துப்புத் துலக்கித் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒன்று, சொல்லியிருக்க வேண்டும். இல்லை, வாயை மூடிக்கொண்டு கனூ என்றே விட்டிருக்க வேண்டும். நீங்கள் இரண்டும் செய்யவில்லை.

படகு வந்துவிட்டது. கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம்.


மே 16

மதிப்புக்குரிய உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை மீறி நான் செய்யும் முதல் காரியம் இது.

வந்து தங்கிய அன்று மகன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். பிரிந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டானாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றான். நான் "சரி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. எப்போது சொல்லப் போகிறாய் என்றும் கேட்கவில்லை. குழாயைச் சரியாக மூடச் சொன்னேன், அவ்வளவுதான். லிஃப்டில் ஒரு கம்பி நைந்திருந்ததற்காக ஒரு கட்டடம் முழுவதையும் மாடிப்படி ஏற வைத்தவன் நான். என் வீட்டில் கண்ணெதிரே ஒன்று அறுந்தபோது நான் செய்தது இதுதான்.

சில நாள் கழித்து உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாம் இருவரும் ஒரே படகில் போகும்போது என்று தொடங்கிய வரியில் கை நின்றுவிட்டது. அது பொய் என்று பட்டது. உண்மையை எழுதவும் முடியாது, அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே படகை மாற்றினேன். பொய்யும் சொல்லவில்லை, வாக்கையும் மீறவில்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

மருமகள் படிப்பாள் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நீங்களே எழுதியிருந்தீர்கள். அவளாகப் புரிந்துகொள்ளட்டும், நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று நினைத்துத்தான் எழுதினேனா? அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. நினைக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. இந்த இடத்தைத் தாண்ட முடியாமல்தான் இருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தில் நீங்கள் அந்தப் படகில் தனியாகப் போவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பின் இருக்கையில் தனியாக உட்காராதீர்கள். படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், சிறு காற்றும் அதைப் பிடித்துச் சுற்றிவிடும். முன் இருக்கையில், பின் இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்து, அந்தப் பக்கமாகவே ஓட்டுங்கள். முன் இருக்கை நடுவுக்கு நெருக்கம் என்பதால் எடை ஓரளவு சமனாகும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, கொக்கிகளை மாட்ட வேண்டும்.


ஜூன் 5

ஐயா,

பின் இருக்கையில்தான் உட்கார்ந்தேன். உட்காராதே என்று நீங்கள் எழுதியதற்காகவே.

மூக்கைத் தூக்கிற்று. முதல் நாள் டிரைவிங் கற்றுக்கொள்ள வந்தவன் மாதிரி படகு இருந்த இடத்திலேயே சுற்றிற்று. எழுந்து முன்னால் போகலாம் என்று நின்றேன். அப்புறம் நான் தண்ணீரில் இருந்தேன். இடுப்பளவுதான், ஆனால் என் முழங்காலுக்கு அது போதும். கொக்கிகளை மாட்டியிருந்தேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காது மெஷின் ஏரிக்குப் போய்விட்டது. என் பெண் செருப்போடு ஓடிவந்து என்னை இழுத்தாள். கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து வெகுநாள் ஆகிறது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். அன்றைக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமாவை வரச் சொல்லுங்கப்பா" என்றாள். இப்போதெல்லாம் அவள் என் காதருகே வந்து சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஆகவே தப்பாகக் கேட்டிருக்க வழியில்லை. எதற்கு, அவரை முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்கவா என்றேன்.

"முகத்தைப் பார்த்தா அவரால பேசவே முடியாதுப்பா. அவர் முன்னாடி உக்காரட்டும், நான் பின்னாடி உக்காந்து ஓட்டறேன். முன்னாடி இருக்கிறவர் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்."

நான் கூப்பிடவில்லை, அவள் கூப்பிடுகிறாள். அந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர மாட்டேன். வழி தெரியுமல்லவா?


ஜூன் 23

மதிப்புக்குரிய உங்களுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

நீங்கள் கரையில் இருந்தீர்கள், தண்ணீரில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. மருமகள் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்று இனி என்னிடம் இருக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன். அவளை மருமகள் என்று எழுதலாமா என்றும் தெரியவில்லை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அங்கே வருவதற்கு முன் மகனுக்குப் போன் செய்து, போகிறேன் என்று சொன்னேன். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டான். அவளிடம் பேச வேண்டியிருக்கிறது என்றேன். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

படகு கரையை விட்டு நகர்ந்தது. துடுப்பைச் சரியாகப் பிடிக்கிறேனா என்பதிலேயே கவனமாக இருப்பது போல இருந்தேன். பின்னாலிருந்து, "சொல்லுங்க மாமா" என்று கேட்டது. உங்களுக்கு எழுதியதை எல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று அவளுடைய துடுப்புச் சத்தத்தைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது. அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பிறகு கேட்டாள். "என்கிட்ட உடனே சொல்லிடுன்னு அவர்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

இதற்கு நான் ஏதாவது தயார் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "கோவிச்சுக்கிட்டு வராம போயிடுவானோன்னு பயந்துட்டேம்மா."

"நான் வராம போயிடுவேன்னு பயமா இல்லையா?"

நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொன்ன பதிலை மாற்றி எழுத மாட்டேன். அந்தப் பயமும் இருந்தது, ஆனால் மற்றது பெரிதாக இருந்தது என்று சொன்னேன்.

துடுப்புச் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பினால் படகு ஆடும் என்பது உண்மை. ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் நான் பாட்டுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே பக்கம். மரங்கள் வந்தன, வாடகைக் கொட்டகை வந்தது, கரையில் நீங்கள் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது, மறுபடி மரங்கள். இரண்டாம் முறை நீங்கள் கண்ணில் பட்டபோதுதான் நாங்கள் வட்டமடிக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. அப்போதும் நிறுத்தத் தோன்றவில்லை.

"மாமா, அந்தப் பக்கம் மாத்திப் போடுங்க" என்றாள். "கரைக்குப் போலாம்."

இதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. படகு நேராக வேண்டியிருந்தது, சொன்னாள். மாற்றிப் போட்டேன். அவளும் போடத் தொடங்கினாள். நேராக வந்தோம்.

கரையில் எனக்குக் கால் மரத்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அன்று முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசாத நீங்கள், அந்த முழங்காலோடு தண்ணீருக்குள் இரண்டடி வந்து கையை நீட்டினீர்கள். அது எனக்காக நீட்டிய கையா, படகிலிருந்து இறங்கத் தடுமாறும் எந்தக் கிழவனுக்கும் நீட்டும் கையா என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக நான் இப்படிப்பட்ட இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் கை போய்விடும்.

பிடித்துக்கொண்டேன்.